தும்மல் மாதிரி ஒண்ணு: டிக் சிகிச்சை திரைக்கு வந்த கதை

கல்மண்டபத்துல இருந்து ரெக்கார்ட் பண்றேன். நடுவுல கன்டெய்னர் லாரி ஹார்ன் கேட்டா பொறுத்துக்கங்க, ஹார்பர் பக்கத்துல இதைத் தவிர்க்க முடியாது.

இன்னைக்கு ஒரு சின்ன அசைவைப் பத்திப் பேசலாம். ஆறேழு வயசுப் பையன் திடீர்னு கண்ணைச் சிமிட்ட ஆரம்பிக்கிறான். கொஞ்ச நாள்ல தோளைக் குலுக்குறான், அப்புறம் தொண்டையைச் செருமுறான். வீட்டுல "சும்மா இருடா"ன்னு ஒரு அதட்டல். கிளாஸ்ல கிண்டல் பண்றான்னு வெளியில நிக்க வைப்பாங்க. பாட்டி கண்ணு பட்டிருச்சுன்னு சுத்திப் போடுவாங்க. இதுக்குப் பேர் டிக். வேணும்னு செய்யறதில்ல. பெரும்பாலும் பத்து, பன்னிரண்டு வயசுல உச்சத்துக்குப் போய், அப்புறம் வளர வளரக் குறையும். ஆனா அந்த நாலஞ்சு வருஷத்தை ஒரு குழந்தை ஸ்கூல்ல ஓட்டியாகணும்.

1885இல் பாரிஸில் ஜில் டி லா டூரெட் என்ற இளம் மருத்துவர் இப்படிப்பட்ட 9 பேரைப் பற்றி எழுதினார். அவருடைய குரு ஷார்கோ அந்த நோய்க்கு சிஷ்யன் பேரையே வெச்சுட்டார். இருபதாம் நூற்றாண்டு தொடங்கினதும் உளப்பகுப்பாய்வு ஆட்கள் உள்ளே வந்தாங்க. மனசுல அடக்கி வெச்ச ஆசைதான் உடம்பு வழியா வெளிய வருதுன்னு 1921இல் ஃபெரென்சி எழுதினார். பாட்டியோட கண்திருஷ்டியை விட இது எந்த வகையில மேல்னு எனக்குத் தெரியல. 1961இல் ஹாலோபெரிடால் மாத்திரை டிக்கைக் குறைக்குதுன்னு பிரான்ஸில் கண்டுபிடிச்சாங்க. இது மூளை சம்பந்தப்பட்ட விஷயம்னு அதுக்கப்புறம்தான் டாக்டர்களுக்கு உறைச்சது. ஆனா மாத்திரை போட்ட பிள்ளைங்க தூங்கி வழிஞ்சாங்க, சிலருக்கு தசை இறுகிப்போச்சு.

என்னைக் கேட்டா உண்மையான திருப்பம் 1973தான். நேதன் அஸ்ரின், கிரெகரி நன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 12 பேரை வெச்சு ஒரு முறையை முயற்சி பண்ணாங்க. மருந்து இல்ல. முதல்ல, டிக் எப்போ வருதுன்னு அந்த ஆளே கவனிக்கணும். வர்றதுக்கு முன்னாடி உள்ளுக்குள்ள ஒரு உறுத்தல் வரும், தும்மல் வர்ற மாதிரி. அந்த நொடியில டிக்குக்கு எதிரான ஒரு அசைவைச் செஞ்சு அப்படியே பிடிச்சு நிக்கணும். தலை வெடுக்குனு திரும்புறவன், கழுத்துத் தசையை மெதுவா இறுக்கி நேராப் பார்ப்பான். கூட இருக்கிறவங்க பாராட்டணும். அவ்வளவுதான். சொன்னபடி செஞ்ச 11 பேருக்கு அந்தப் பழக்கம் திரும்பி வரலன்னு அவங்க எழுதினாங்க.

இவ்வளவு எளிமையா இருந்தும் டாக்டர்கள் ரொம்ப நாள் நம்பல. அடக்கினா பின்னாடி மொத்தமா பீறிட்டு வரும், அதைப் பத்திப் பேசினாலே அதிகமாகும்னு ஒரு பயம். 2010இல்தான் அமெரிக்காவில் 126 குழந்தைகளை வெச்சு முறையா ஒரு ஆய்வு வந்தது. 10 வாரம், 8 அமர்வு. பயிற்சி எடுத்தவங்கள்ல பாதிக்கு மேல நல்லா முன்னேறினாங்க. ஆதரவாப் பேசி விளக்கம் மட்டும் கொடுத்த குழுவில் அது ஐந்தில் ஒரு பங்கு கூட இல்ல.

சரி, வேலை செய்யுதுன்னு தெரிஞ்சாச்சு. ஆனா சொல்லித்தர ஆள் வேணுமே? லண்டன்லயே அந்தப் பஞ்சம் இருந்தது. அங்கேதான் ஆர்பிட் ஆய்வு வருது. லண்டன், நாட்டிங்ஹாம் ரெண்டு இடத்துல இருந்து நடத்தினாங்க. 9 முதல் 17 வயது வரை 224 பிள்ளைகள். 2018 மே மாசமே ஆரம்பிச்சுட்டாங்க, அதனால இது கொரோனாவுக்குப் பிறந்த ஐடியா இல்ல. மென்பொருள் ஸ்வீடனின் கரோலின்ஸ்காவில் உருவானது. குழந்தைக்கு ஒரு லாகின், பெற்றோருக்கு ஒரு லாகின், 10 வாரத்துக்கு 10 அத்தியாயம். ஸ்க்ரீனுக்கு அந்தப் பக்கம் மெசேஜ் அனுப்பி ஊக்கம் கொடுக்க ஒரு மனுஷர்.

இதுல மாற்று அசைவு கூட கிடையாது. உறுத்தல் வரும்போது டிக்கை விடாம எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறேன்னு ஸ்டாப்வாட்ச் வெச்சுப் பார்க்கணும். மூளை அந்த உறுத்தலுக்குப் பழகிடும் என்பதுதான் கணக்கு. ஒரு இன்ஜினியரா எனக்கு இது ரொம்பப் பிடிச்சது, திரைக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. 50 மார்க் அளவுகோலில் மூணு மாசத்துல டிக்கின் தீவிரம் சராசரியா 4.5 குறைஞ்சது. டிக் பற்றிய பாடம் மட்டும் படிச்ச குழுவில் 1.6. மாயமந்திரம் இல்லதான். ஆனா கிளாஸ்ல உட்கார முடியாத பையன் உட்காருவான்னா அது சின்ன விஷயம் இல்ல.

இப்போ நம்ம ஏரியாவுக்கு வருவோம். கல்மண்டபத்துல இருந்து ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு நடந்தே போயிடலாம். பழைய ஆளுங்க சொல்ற கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி. 1780களின் பஞ்சத்துல கஞ்சி ஊத்தின மணியக்காரர் சத்திரத்துல இருந்து வளர்ந்த இடம். தூரம் இங்க பிரச்சினையே இல்ல. மீன் விக்கிற அம்மா பத்து வாரத்துல எட்டு காலைப் பொழுதை விடணும்னா, அது எட்டு நாள் வருமானம். ஆன்லைன் அதைக் காப்பாத்தும்.

தமிழ்நாட்டுக்கு இது புதுசும் இல்ல. ஸ்கார்ஃப் அமைப்பு 2010இல் புதுக்கோட்டை கிராமங்களுக்கு ஒரு பஸ் விட்டது. பஸ்ஸுக்குள்ள ஸ்க்ரீன், ஸ்க்ரீன்ல சென்னை டாக்டர். அது ஸ்கிட்சோஃப்ரினியா மாதிரி தீவிர மனநோய்களுக்கு, டிக்குக்கு இல்ல. ஆனா அதில் கவனிக்க வேண்டியது ஸ்க்ரீனை இல்ல. வீடு வீடாப் போய் ஆளைக் கண்டுபிடிச்ச உள்ளூர்ப் பணியாளர்களையும், பஸ்ஸிலேயே கிடைச்ச மருந்தையும்தான். 2020 மார்ச்சில் டெலிமெடிசின் விதிகள் வந்தது. 2022 அக்டோபரில் டெலி-மானஸ், 14416, தமிழ்லயே பேசலாம். வாராவாரப் பயிற்சிக்கான ஏற்பாடு இல்ல அது, ஆனா யாரைப் பார்க்கணும்னு கேட்கலாம். வலிப்பு மாதிரி வேற எதுவும் இல்லைன்னு டாக்டர் ஒருத்தர் நேர்ல பார்த்துச் சொல்றது எப்படியும் முதல் வேலை.

ஆர்பிட் மாதிரி ஒண்ணை இங்க கட்டணும்னா கோடு எழுதறது சுலபம். கஷ்டம் வேற இடத்துல இருக்கு. வீட்டுக்கு ஒரு போன், அதையும் விடியக்காலை அப்பா காசிமேடு எடுத்துட்டுப் போயிடுவார். ஒரே ரூம், பக்கத்து வீட்டுச் சுவர் மெல்லிசு, பையன் கத்துற டிக்கோட பயிற்சி பண்ணணும். அப்புறம், அந்த உறுத்தலை எட்டு வயசுப் பையன்கிட்ட எந்த வார்த்தையில கேட்பீங்க? அரிப்பா, குறுகுறுப்பா, கடுகடுப்பா? எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன் "உள்ள எறும்பு ஊருது, உதறினா போயிடும்"னான். முதல் அத்தியாயத்தை அங்கிருந்துதான் எழுதணும்.