மூச்சு அடைபடும் இரவுகள்

குறட்டை விடுபவரின் அருகில் படுத்திருக்கிறீர்களா? சில வேளை குறட்டை சட்டென நின்றுவிடும். "அப்பாடா!" என்று நீங்கள் கண்ணை மூடும்போது, அவர் திணறி மூச்சை இழுப்பார், குறட்டை மறுபடி தொடங்கும். இடையில் நிலவிய அந்த அமைதிதான் ஆபத்து. உறக்கத்தில் தசைகள் தளர்வதால் நாக்கு பின்னோக்கிச் சரிந்து தொண்டையை அடைத்துவிடுகிறது. இரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது. மூளை ஒரு கணம் விழித்து வழியைத் திறக்கிறது. நோய் முற்றியவருக்கு இது மணிக்கு 30 தடவைக்கு மேல் நிகழும். காலையில் எதுவும் நினைவிராது. பகலெல்லாம் தூங்கி வழிவார்.

1965-ல் பிரான்சிலும் ஜெர்மனியிலும் ஆய்வாளர்கள் இந்த அடைப்பைப் பதிவு செய்தனர். அப்போது கிட்டிய சிகிச்சை எது தெரியுமா? கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழலில் குழாய் பொருத்துவது! நோய் அடங்கும், ஆனால் கழுத்தில் துளையோடு காலந்தள்ள யாருக்கு மனம் வரும்?

1980 ஜூனில் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் ஒரு நோயாளி அந்த அறுவைக்கு மறுத்துவிட்டார். ஆனால் ஓரிரவுச் சோதனைக்கு இசைந்தார். டாக்டர் காலின் சல்லிவன் அவர் மூக்கின் வழியே அழுத்தத்துடன் காற்றைச் செலுத்தினார். சரியும் பந்தலுக்கு முட்டுக்கால் கொடுப்பதுபோல, காற்று தொண்டைச் சுவரைத் தாங்கிக்கொண்டது. அவர் அயர்ந்து உறங்கினார். 1981-ல் 'லான்செட்' இதழில் ஐந்து நோயாளிகளின் விவரம் வெளிவந்தது. தொடக்க காலக் கருவிகளில் தூசு உறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டாரே ஓடியது. முகமூடியை இரவுதோறும் சிலிக்கோன் பசையால் மூக்கில் ஒட்ட வேண்டியிருந்தது.

பல் மருத்துவர்களின் வழி இதற்கும் பழையது. பிரான்சின் பியர் ராபின், தாடை சிறுத்த குழந்தைகளுக்கு நாக்கு சரிந்து மூச்சடைப்பதை 1923-லேயே விளக்கி, கீழ்த்தாடையை முன்னுக்கு இழுக்கும் சாதனத்தைப் பயன்படுத்தினார். மயங்கிக் கிடப்பவரின் தாடையை முன்னே தள்ளுவது முதலுதவியில் நீங்கள் கற்கும் பாடந்தானே! 1980-களில் அதே தத்துவம் பெரியவர்களின் உறக்க நோய்க்கும் வந்தது. இரு பல்வரிசைகளிலும் பொருந்தும் சிறு கவ்வி அது. மின்சாரமும் வேண்டாம், ஓசையும் இல்லை.

எது சிறந்தது? விடை 2013-ல், அதே சிட்னியிலிருந்து வந்தது. 108 பேர் இரண்டையும் ஒவ்வொரு மாதம் அணிந்து பார்த்தனர். மணிக்குச் சுமார் 26 ஆக இருந்த மூச்சுத்தடை, காற்றுக் கருவியால் 4 அல்லது 5 ஆயிற்று, கவ்வியால் 11. போட்டி முடிந்தது என்கிறீர்களா? பொறுங்கள். கருவியை அவர்கள் இரவுக்கு 5.2 மணி நேரமே அணிந்தனர், கவ்வியை 6.5 மணி நேரம். (இது அவர்களே சொன்ன கணக்கு, சற்றுத் தள்ளித்தான் கொள்ள வேண்டும்.) இரத்த அழுத்தத்திலும், வண்டி ஓட்டும் சோதனையிலும் இரண்டும் ஏறக்குறைய ஒரே நிலையில் நின்றன. கழற்றி மேசைமேல் வைத்த கருவி தொண்டையைத் திறக்காதல்லவா?

ஆயினும் நோய் கடுமையானால் மருத்துவர் முதலில் கருவியையே நாடுகிறார். முகமூடியைத் தாங்க முடியாதவருக்குக் கவ்வியைத் தருகிறார். ஆண்டுக்கணக்கில் அணிந்தால் கவ்வி பற்களையே மெல்ல நகர்த்திவிடும். ஆகவே அதை அணிபவர் அவ்வப்போது பல் மருத்துவரிடம் வாயைக் காட்டிவர வேண்டும்.