பனிக்கட்டியும் வெள்ளீயமும்

மாப்பிள்ளைக்கு ஒரகடத்தில் வேலை. ஊர் திரும்பிய வெளிநாட்டு மேலாளர் ஒருவர் தம் கிரில் அடுப்பை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். மரத்தூளை அழுத்திச் செய்த சிறு துண்டுகளில் எரியும் அடுப்பு. வேண்டிய டிகிரியை வைத்துவிட்டால் போதும், மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும் என்றார்கள். போன மாதம் 180 டிகிரி வைத்துக் கோழிக்கால் சுட்டோம். மேலே நல்ல நிறம், எலும்போரம் வேகவில்லை. பேரன் இரண்டு நாள் வயிற்றுப்போக்கில் துவண்டுபோனான்.

"எண் சரியாகத்தானே காட்டியது, மாமா?" என்றார் மாப்பிள்ளை.

ஒருவர் எழுதிய பதிவேட்டை அவரே சரிபார்க்கக் கூடாது என்பது எங்கள் அலுவலகத்தில் முதல் பாடம். இந்த அடுப்போ தனக்குத் தானே சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. வேறு சாட்சி வேண்டும்.

அந்தச் சாட்சியை நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தபோதே அறிவேன். 1730-ல் ரெயோமூர் என்ற பிரெஞ்சு அறிஞர் நீர் உறையும் நிலையை 0 என்று வைத்துத் தம் அளவுகோலை அமைத்தார். அதில் கொதிநிலை 80. 1742-ல் சுவீடனின் செல்சியஸ் நூறு பாகமாக்கினார். ஆனால் அவருக்குக் கொதிநிலைதான் 0, உறைநிலை 100! பிறகுதான் அது தலைகீழாக மாறி இன்றைய வடிவம் வந்தது. கருவி எவர் செய்ததானாலும் பனிக்கட்டி பொய் சொல்லாது.

உலைச் சூட்டுக்குப் பனிக்கட்டி போதுமா? 1880களில் லெ ஷாத்தலியே என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் பிளாட்டினக் கம்பியையும் பிளாட்டினம்-ரோடியம் கலந்த கம்பியையும் இணைத்து, அதில் எழும் சிறு மின்னழுத்தத்தால் உலைச் சூட்டை அளந்தார். அதைச் சரிபார்க்க உருகுநிலை தெரிந்த உலோகங்களே சாட்சி. இன்றைய சர்வதேச அளவுகோலில் வெள்ளீயம் உறைவது 231.928 டிகிரி, தங்கம் 1064.18.

நம் ஸ்ரீபெரும்புதூரிலேயே இதற்கு வேலை உண்டு. 1665-ல் பதினான்காம் லூயி காலத்தில் தொடங்கி, வெர்சாய் அரண்மனைக்குக் கண்ணாடி செய்த சேன்-கோபேன் நிறுவனம் 2000-ல் இங்கே ஆலை திறந்தது. சுமார் 1,500 டிகிரி உலையில் உருகும் கண்ணாடிக் குழம்பு, உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதந்து பரவி, ஏறக்குறைய 600 டிகிரிக்கு ஆறித் தகடாக வெளியேறும். இத்தகைய உலைகளில் வெப்பம் அளக்கும் கம்பிகளும் நாளாக நாளாகத் தேய்ந்து, சூட்டைக் குறைத்துக் காட்டத் தொடங்கும். அதனால்தான் அவற்றை அவ்வப்போது சோதிக்கிறார்கள்.

நாங்களும் சோதித்தோம். நொறுக்கிய ஐஸில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி, ஊசித் தெர்மாமீட்டரை நடுவில் நிறுத்தினோம்: 0. கொதிநீரில் 100. (ஊட்டியில் இருப்பவர்கள் 92, 93 வந்தால் பயப்பட வேண்டாம், உயரம் கூடினால் கொதிநிலை குறையும்.) பிறகு ஊசியைக் கிரில் தட்டின் நடுவே வைத்து மூடினோம். சூடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஒரே தடவை பார்த்து முடிவு கட்டக் கூடாது. அரைமணி நேரம் ஐந்து நிமிடத்துக்கொரு முறை குறித்துச் சராசரி பார்த்தேன். அடுப்பு சொன்னது 180. உள்ளே இருந்தது 150.

இப்போது முப்பது டிகிரி கூட்டி வைக்கிறோம். இருந்தாலும் கோழியின் உள்ளே ஊசி 74 காட்டாமல் பேரன் தட்டில் எதுவும் விழுவதில்லை.