சுரங்க நகரின் கூடுமிடம்

பூமியின் வயிற்றிலிருந்து கரியை வெட்டியெடுக்கும் ஊர்களுக்கெல்லாம் ஒரு பொதுக் குணம் உண்டு. வேலை முடிந்து மேலேறி வரும் மனிதன் நேரே வீட்டுக்குப் போவதில்லை, தன்னோடு உழைத்தவர்களுடன் சிறிது நேரம் உட்கார்ந்து, எதையாவது உண்டு, எதைப்பற்றியாவது தர்க்கித்து, அதன் பிறகே குடும்பஸ்தனாகிறான். அந்தச் சிறிது நேரத்தை அவன் எந்த இடத்தில் கழிக்கிறான் என்பதை அவனுடைய இஷ்டம் மட்டும் நிர்ணயிப்பதில்லை, சட்டமும் சேர்ந்தே நிர்ணயிக்கிறது என்பதற்கு நெய்வேலியின் சரித்திரம் ஒரு நல்ல திருஷ்டாந்தம்.

பிரிட்டனில் அந்த இடம் பப் என்னும் மதுச்சாலை. 1830ஆம் வருஷத்துச் சட்டம் இரண்டு கினி கட்டிய வரிதாரர் எவரும் தம் வீட்டிலேயே பீர் விற்கலாம் என்று அநுமதித்ததும், தொழில் நகரங்களில் பீர்க்கடைகள் தெருவுக்குத் தெரு முளைத்தன. கூலியையே பப்பில் வைத்துப் பட்டுவாடா செய்து, அதில் ஒரு பங்கு அங்கேயே செலவழியும்படி பார்த்துக்கொண்ட மேஸ்திரிகளும் இருந்தார்கள். சுரங்கத் தொழிலாளருக்கு மதுக்கடையில் கூலி வழங்கலாகாது என்று 1842ஆம் வருஷத்துச் சுரங்கச் சட்டமே விதிக்க வேண்டியிருந்ததென்றால், அந்த வழக்கம் எவ்வளவு வேரூன்றியிருந்தது என்பதை ஊகித்துக் கொள்ளலாம்.

ஆயினும் பப்பை வெறும் குடிக்கூடமாக எண்ணுவது நியாயமாகாது. கால்பந்தாட்டத்துக்கு ஒரு பொதுச் சங்கம் வேண்டுமென்று 1863ஆம் வருஷம் அக்டோபர் 26ஆம் தேதி லண்டனில் கூடியவர்கள் சந்தித்த இடம் ஃப்ரீமேஸன்ஸ் டாவர்ன் என்ற விடுதி. வேல்ஸ் தேசத்துச் சங்கமும் 1876இல் ரெக்ஸம் நகரத்து வின்ஸ்டே ஆர்ம்ஸ் விடுதியில்தான் ஜனித்தது. 1992இல் ஆங்கிலப் பிரீமியர் லீக் ஆட்டங்களின் நேரடி ஒளிபரப்பு கட்டணத் தொலைக்காட்சியின் வசமானபோது, வீட்டில் அந்த வசதியில்லாத ரசிகர்கள் பப்பின் திரைக்கு முன் ஒரு தட்டு உணவோடும் ஒரு கோப்பை பீரோடும் அமர்ந்தது, பழைய உறவின் புதிய அத்தியாயமே. இதற்கிடையில் 1920ஆம் வருஷத்துச் சட்டமொன்று, வெட்டியெடுக்கும் ஒவ்வொரு டன் நிலக்கரிக்கும் ஒரு பென்னி வீதம் வசூலித்து, சுரங்கத் தொழிலாளரின் க்ஷேமத்துக்கென மன்றங்களும் விளையாட்டு மைதானங்களும் அமைக்க வழி செய்தது என்பதையும் மறப்பதற்கில்லை.

நெய்வேலிக்கும் பிரிட்டிஷ் நிலக்கரி உலகுக்கும் நேரான தொடர்பு உண்டு. முப்பதுகளில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணற்றுக்குத் துளையிட்டபோது கரிய பொருளொன்று வெளிப்பட்டதென்பது அவ்வூரார் நன்கறிந்த கதை. அந்தப் பழுப்பு நிலக்கரியை வெட்டியெடுப்பது சாத்தியமா, கீழிருந்து முட்டும் ஊற்றுநீரை அடக்க முடியுமா என்று பரிசீலிக்க 1954இல் அமர்த்தப்பட்ட ஆலோசகர்கள், தெற்கு வேல்ஸின் சுரங்கங்களால் செழித்த பவல் டஃப்ரின் குழுமத்தின் தொழில்நுட்பப் பிரிவினர். 1947இல் பிரிட்டிஷ் சுரங்கங்கள் தேசியமயமானபின் அக்குழுமத்துக்கு இத்தகைய ஆலோசனைப் பணி புதியதொரு துறையாயிற்று. 1956இல் சுரங்கத்தை நடத்தும் கார்ப்பரேஷன் ஸ்தாபிதமாயிற்று. 1957 மே மாதத்தில் ஜவாஹர்லால் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் நிலக்கரிப் படிவம் கண்ணுக்குத் தெரிந்தது. ஆலோசனை பிரிட்டனிலிருந்தும், மண் தோண்டும் சக்கர இயந்திரங்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்தும், மின்நிலையத்துக்கு உதவி சோவியத் தேசத்திலிருந்தும் வந்து சேர்ந்த அந்த ஊருக்குப் பப் மட்டும் வந்து சேரவில்லை.

காரணம் வெளிப்படை. ராஜாஜி 1937இல் சேலம் ஜில்லாவில் ஆரம்பித்த மதுவிலக்கை, 1948ஆம் வருஷம் காந்தி ஜயந்தியன்று ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மந்திரிசபை மாகாணம் முழுவதற்கும் விஸ்தரித்துவிட்டது. ஆங்கிலக் கம்பெனி ஆட்சியில் வளர்ந்த கோலார் தங்கவயலில், துரைமார்களுக்குத் தனிக் கிளப்பும், பூமிக்கடியில் உயிரைப் பணயம் வைத்த தமிழ்த் தொழிலாளிக்குச் சாராயக்கடையும் என்று தாகம்கூட ஜாதி பிரிந்து கிடந்தது. நெய்வேலியோ சட்டப்படி மது இல்லாத ராஜ்யத்தில் பிறந்த ஊர். கள்ளச்சாராயம் ராஜ்யமெங்கும் இருந்தது, கடலூரைத் தாண்டினால் புதுவையும் இருந்தது என்பது மெய்யே. ஆனால் ஒளித்துக் குடிக்கும் இடமும் ஊர்விட்டு ஊர் சென்று குடிக்கும் இடமும் ஒருநாளும் ஊரின் கூடுமிடமாவதில்லை.

ஆகவே பப் ஒன்றே செய்து வந்த காரியங்களை நெய்வேலியில் பலர் பங்கிட்டுக்கொண்டார்கள். உணவைக் கான்டீன் ஏற்றது. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் உணவுசாலை நடத்தும்படி விதிக்க 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் சர்க்காருக்கு அதிகாரம் அளித்திருந்தது. விளையாட்டை, திட்டமிட்டு வகுத்த குடியிருப்பு வட்டங்களுக்கிடையே விட்ட மைதானங்கள் ஏற்றன. பேச்சை ஏற்றது டீக்கடை. ஷிப்ட் விட்டதும் சைக்கிளை வேப்பமரத்தில் சாய்த்துவிட்டு வருகிறவன், பெஞ்சில் இடம் இருந்தாலும் உட்காராமல், எண்ணெய் வடியக் காகிதத்தில் சுருட்டிய மசால்வடையை ஒரு கையிலும், விளிம்பைப் பிடித்தால்தான் சுடாத கண்ணாடி டம்ளரை மறுகையிலுமாக நின்றுகொண்டே, பக்கத்துக்காரர் விரித்த தினத்தந்தியின் பின்பக்கத்தைப் படித்து முடிப்பான். வடைக்குக் காசு உண்டு, பத்திரிகைக்கும் அரசியலுக்கும் கிடையாது.

நேரடி ஆட்டம் மட்டுமே பாக்கியிருந்தது. அதையும் காலம் கொண்டு வந்தது. 1986இல் மெக்ஸிகோவில் நடந்த உலகக் கோப்பையைத் தூரதர்ஷன் ஒளிபரப்பியபோது, மரடோனாவின் அர்ஜென்டீனா மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் மேற்கு ஜெர்மனியை வென்ற இறுதி ஆட்டம் நமக்கு இரவு பதினொன்றரை மணிக்குத் தொடங்கிற்று. தொலைக்காட்சி எட்டிய ஊர்களில், பெட்டி உள்ள வீட்டுக்காரர் அன்று பெட்டி இல்லாத தெருவுக்கெல்லாம் கூடத்தை ஒழித்துக் கொடுத்தார். நடுஜாமத்தில் மதுச்சாலையை எவன் திறந்து வைத்திருந்தாலும், அந்த வீட்டம்மாள் போட்டுக் கொடுத்த காபியோடு போட்டியிட்டிருக்க மாட்டான்.

மதுவிலக்கு 1971இல் தளர்ந்து, 1974இல் மீண்டு, பின்னர் மறுபடியும் தளர்ந்தது. 1983இல் மதுவின் மொத்த விற்பனைக்கென டாஸ்மாக் என்ற சர்க்கார் ஸ்தாபனம் உருவாயிற்று. 2003இல் சில்லறை விற்பனையையும் அதுவே ஏற்றுக்கொண்டது. அப்படியிருந்தும் மதுக்கடை தோன்றியதே தவிர பப் தோன்றவில்லை. மனைவியோடு சென்று உண்பதற்கோ, பக்கத்து வீட்டுக்காரரோடு ஆட்டம் பார்ப்பதற்கோ, கால்பந்துச் சங்கம் தொடங்குவதற்கோ அந்தக் கடையின் கம்பிவலைக்கு முன் யாரும் போவதில்லை. பெரும்பாலோர் வாங்கியதைக் காகிதத்தில் மறைத்துக்கொண்டு விரைகிறார்கள். உரிமம் கொடுத்து ஒரு கடையைத் திறக்க ஒரு நாள் போதும். ஊர் கூடும் இடமாக ஒன்று ஆவதற்கு ஒரு தலைமுறை வேண்டும், அந்தத் தலைமுறையை நெய்வேலி டீக்கடைக்கும் மைதானத்துக்கும் முன்னமே கொடுத்துவிட்டது.