சேர்ந்து உண்ட கதை

சம்பளம் கைக்கு வந்த முதற் சனிக்கிழமை மாலையில் நம்மை வீட்டில் தேடினால் காணமாட்டீர்கள். திருத்த வேண்டிய விடைத்தாள்களைக் கட்டி மூலையில் வைத்துவிட்டு, நண்பர் ஐவரும் கிளம்பிவிடுவோம். இன்ன கடை என்ற திட்டம் கிடையாது. ஒரு மாதம் புகைவண்டி நிலையத்தருகே பரோட்டா. ஒரு மாதம் பேருந்து நிலையத்தின் பின்புறம் பிரியாணி. கையிருப்பு மெலிந்த மாதமென்றால், நெய் ரோஸ்டை மனத்தில் எண்ணிக்கொண்டு சாதாத் தோசை! ஒருவர் தட்டிலுள்ள வடையை மற்றவர் பிய்ப்பதும், ஒரே குவளைத் தண்ணீரை மூவர் குடிப்பதும், பணம் கொடுப்பது யார் என்று கல்லாவின் முன்னே ஒரு சிறு போரே நடத்துவதும் எமது வழக்கம். கல்லாவில் இருப்பவர் சிரித்துக்கொண்டே, யார் நோட்டு முதலில் எட்டுகிறதோ அதை வாங்கிக்கொள்வார்.

ஐவரும் ஐந்து ஊரினர்; ஐந்து சாதியில் பிறந்தோர். ஒருவர் பெண். மேசையில் அதைப் பற்றி எவரும் பேசியதில்லை. பேச வேண்டிய தேவையும் நேர்ந்ததில்லை. சென்ற மாதம், நண்பர் ஒருவரின் இல்லத்து முதியவர், தொண்ணூறை நெருங்கியவர், நாம் சென்றுவந்த கதையைக் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டு முடித்துவிட்டு, “எல்லாரும் ஒண்ணாவா உக்காந்து சாப்பிட்டீங்க?” என்றார். குரலில் கோபம் இல்லை. ஏளனமும் இல்லை. வியப்பு மட்டுமே இருந்தது.

அந்த வியப்பு நம்மை விட்டபாடில்லை. கூடி உண்பதில் வியக்க என்ன இருக்கிறது? வரலாற்றைப் புரட்டினால், இருக்கிறது என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. நாம் அரை மணியில் முடித்து ஏப்பம் விடும் காரியத்திற்காகச் சிலர் கட்சியை உடைத்திருக்கின்றனர். சிலர் ஊராரின் வசையை வாங்கியிருக்கின்றனர். பலர் சிறை சென்றிருக்கின்றனர்.

பண்டு வழிநடந்தவன் கட்டுச்சோற்றை நம்பினான். அது தீர்ந்தால் சத்திரத்தை நம்பினான். தஞ்சை மராத்திய மன்னர்கள் கட்டிய சத்திரங்கள் பெயர் பெற்றவை. சரபோசி மன்னர் 1801 இல் ஆங்கில அதிகாரிக்கு எழுதிய மடலொன்றில், பார்ப்பனர் முதல் பறையர் வரை வழிப்போக்கர் அனைவர்க்கும் அங்கே சோறு உண்டு என்று பெருமையுடன் குறிப்பிடுகிறார். பெருமைப்படத் தக்கதுதான். ஆனால் அதே மடலில், வெந்த சோறு வேண்டாதவர்க்கு அரிசியும் பிற பொருள்களும் தரப்படும் என்றும் வருகிறது. அரிசி அரிசியாக இருக்கும்வரை அதற்குத் தீட்டில்லை; அடுப்பேறிச் சோறாகிவிட்டால் ஆக்கியவன் சாதி அதில் ஏறிக்கொள்ளும் என்பதுதான் அக்கால நம்பிக்கை. நெருப்பு எல்லாவற்றையும் தூய்மையாக்கும் என்று சொன்ன நாட்டில், சோற்றை மட்டும் அது தூய்மையாக்கவில்லை!

1856 இல் இராயபுரத்திலிருந்து வாலாசா சாலைக்குப் புகைவண்டி ஓடிற்று. தென்னாட்டில் ஓடிய முதல் பயணிகள் வண்டி அது. சீட்டு வாங்கியவன் எவனாயினும் ஏறினான். பலகையில் அருகருகே அமர்ந்தான். சாத்திரத்தால் தடுக்க முடியாத காரியம் அது. ஆனால் வண்டி நின்ற இடத்தில் சாத்திரம் காத்திருந்தது. நிலையத்துச் சாப்பாட்டு விடுதிகளில் பிராமணர்க்கு ஓர் இடம், மற்றவர்க்கு ஓர் இடம் என்று பிரித்து வைத்தனர். ஒரே பலகையில் தோளுரசி வந்த இருவர், பசி வந்ததும் வெவ்வேறு வாயிலில் நுழைந்தனர். அயலவன் கொணர்ந்த இயந்திரமும் நம்மவர் கட்டிய சுவரும் எத்தனை எளிதில் உறவாடின, பாருங்கள்!

நகரங்கள் பெருத்தன. கச்சேரிக்கும் கல்லூரிக்கும் வந்தவர்க்கு வீட்டுச் சோறு இல்லை. காப்பி கிளப்புகள் முளைத்தன. அவற்றின் முகப்பில் ‘பிராமணாள்’ என்ற சொல் பெரிய எழுத்தில் பொறிக்கப்பட்டது. இதனுள் ஒரு வணிகக் கணக்கு இருந்ததை மறுப்பதற்கில்லை. பார்ப்பனர் சமைத்ததை எச்சாதியும் உண்ணும். பிறர் சமைத்ததை எல்லாச் சாதியும் உண்ணாது. ஆகவே அச்சொல், வாடிக்கையாளரைச் சேர்க்கும் விளம்பரமும் ஆயிற்று. ஆனால் அழைத்து உள்ளே விட்டபின் நடந்ததென்ன? தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பந்தி. இந்தப் பக்கம் ஒரு பந்தி. காசின் மதிப்பு இருபுறமும் ஒன்றே. மனிதன் மதிப்பு மட்டும் வேறு. தீண்டப்படாதோர் என ஒதுக்கப்பட்டவர்க்கோ அந்த இந்தப் பக்கமும் இல்லை. நோயாளியோடு சேர்த்து அவர்களையும் நுழைய வேண்டாம் என்று பலகை மாட்டிய கடைகளும் இருந்தன.

(புலால் உணவுக் கடைகளின் கதை தனிக்கதை. அவற்றிற்கு ‘மிலிட்டரி ஓட்டல்’ என்ற பெயர் எப்படியோ ஒட்டிக்கொண்டது. மதுரை மாவட்டம் வடக்கம்பட்டியிலிருந்து கிளம்பிய முனியாண்டி விலாசுகள் தமிழ்நாடெங்கும் பரவின. அக்கடைக்காரர்கள் ஆண்டுதோறும் ஊர் திரும்பி, முனியாண்டிக்குப் படைத்த பிரியாணியை வந்தவர் யாவர்க்கும் வழங்குகின்றனர். கடவுள் நம்பிக்கையில் நமக்கும் அவர்களுக்கும் வழக்கிருக்கலாம்; பிரியாணியில் இல்லை.)

ஓட்டலில் இடம் இல்லையென்றால் படிக்க வந்த பையன் என்ன செய்வான்? சென்னைக்கு வந்த பார்ப்பனரல்லாத மாணவர்க்கு இக்கேள்வி பாடத்தினும் கடினமாய் இருந்தது. அறை கிடைப்பது அரிது. சோறு கிடைப்பது அதனினும் அரிது. ஊருக்கே திரும்பிப் படிப்பை விட்டவர் எத்தனை பேரோ! டாக்டர் சி. நடேசனார் 1916 இல் திருவல்லிக்கேணியில் திராவிடர் சங்க விடுதியைத் திறந்தது இதற்காகத்தான். பின்னாளில் விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதியமைச்சரான ஆர். கே. சண்முகம் அவ்விடுதியில் தங்கிப் படித்தவர். நீதிக்கட்சியின் வரலாற்றைச் சட்டமன்றத்திலிருந்து தொடங்குவோர் உண்டு. நாம் ஆசிரியர், ஆதலால் அந்த விடுதியின் அடுக்களையிலிருந்து தொடங்கவே விரும்புகிறோம்.

மறு ஆண்டு, 1917 மே 29 அன்று, கொச்சிச் சீமையிலே செறாயியில் இன்னொரு விருந்து நடந்தது. கே. ஐயப்பன் என்ற இளைஞர், நாராயண குருவின் மாணவர், ஈழவர் குலத்தினர். அவரும் தோழர்களும் புலையரை அழைத்து, அருகருகே அமர்ந்து உண்டனர். மிச்ரபோசனம் என்று அதற்குப் பெயர். மேல்சாதியார் கொதித்தது வியப்பன்று. சொந்தச் சாதியாரே கொதித்ததுதான் கவனிக்கத் தக்கது. தம்மைத் தாழ்த்தியவரிடம் நியாயம் கேட்ட கூட்டம், தமக்குக் கீழே ஒரு படி வேண்டும் என்று அடம் பிடித்தது! ‘புலையன் ஐயப்பன்’ என்று வசைப்பெயர் சூட்டினர். அவரோ அதைப் பட்டமாகவே ஏற்றுக்கொண்டார். உலகம் இன்று அவரைச் ‘சகோதரன்’ என்று அழைக்கிறது.

இனி சேரன்மாதேவி. இக்கதையை அறியாத தமிழர் சிலரே. ஆயினும் அறிந்தவரும் அதன் துயரத்தை முழுதும் உணர்ந்தாரில்லை என்பது நம் எண்ணம். வ. வே. சு. ஐயர் சிறியவர் அல்லர். இலண்டனிலும் புதுவையிலும் வெள்ளையனை எதிர்த்து அலைந்தவர். குறளை ஆங்கிலத்தில் தந்தவர். 1922 இல் அவர் தொடங்கிய குருகுலம், நாட்டுக்குழைக்கும் இளைஞரை ஆக்கும் என்று நம்பித் தமிழர் பணம் தந்தனர். காங்கிரசுக் குழு பத்தாயிரம் ரூபாய் தர ஒப்பி, ஐயாயிரத்தைக் கொடுத்தும்விட்டது. பிறகுதான் செய்தி வெளிவந்தது: பார்ப்பனச் சிறுவர் இருவர்க்குத் தனிப்பந்தி. பெற்றோர் விரும்பினர், வாக்களித்துவிட்டேன் என்றார் ஐயர். இரண்டே சிறுவர்தாமே, இதற்கா இத்தனை ஆரவாரம் என்றனர் சிலர்.

இரண்டே சிறுவர்தாம். ஆனால் ஒவ்வொரு நாளும், மணி அடித்ததும், எஞ்சிய பிள்ளைகள் அவ்விருவரும் எழுந்து வேறிடம் செல்வதைப் பார்த்திருப்பர் அல்லவா? வகுப்பறையில் நிற்பவர் நாம். பிள்ளைகள் எதைக் கற்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். கரும்பலகையில் எழுதியதை மறந்துவிடுவார்கள். கண்ணால் கண்டதை மறக்கமாட்டார்கள். நாட்டுப்பற்றைக் காலையில் கற்பித்து நண்பகலில் அழித்துவிட்டது அந்தப் பள்ளி.

வரதராசுலு நாயுடு தம் ‘தமிழ்நாடு’ ஏட்டில் தீயெனச் சொற்களைக் கொட்டினார். செயலாளராக இருந்த ஈ. வெ. இராமசாமி எஞ்சிய ஐயாயிரத்தைத் தர மறுத்தார். காந்தியாரிடம் வழக்குச் சென்றது. அந்த இருவர் மட்டும் இருந்துவிட்டுப் போகட்டும், இனிமேல் வேற்றுமை வேண்டாம் என்ற வகையில் அவர் சமரசம் சொன்னார். எவர் மனமும் ஆறவில்லை. 1925 சூனில், பாவநாசம் அருவியில் விழுந்த மகளைக் காக்கப் பாய்ந்த ஐயர் தாமும் மாண்டார். அவ்வாண்டு இறுதியிலேயே காஞ்சிபுரம் மாநாட்டில் ஈ. வெ. ரா. காங்கிரசை விட்டு வெளியேறினார். வகுப்புரிமைத் தீர்மானம் அதற்கு உடனடிக் காரணம். ஆனால் மனம் முறிந்தது சாப்பாட்டுப் பந்தியிலே என்று சொன்னால் மிகையாகாது.

பிறகு நடந்தவற்றை விரைந்து சொல்லலாம். புகைவண்டி நிலையங்களின் இரட்டைச் சாப்பாட்டிடங்கள், பெரியாரும் தோழரும் ஓயாது எழுப்பிய எதிர்ப்பினால் 1941 இல் ஒழிந்தன. 1950 இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம், கடைகளிலும் உணவு விடுதிகளிலும் சாதி கூறி எவரையும் தடுக்கலாகாது என்று 15 ஆம் பிரிவில் எழுதியது. 1955 இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்தது. பொது உணவு விடுதியில் பிறர் பயன்படுத்தும் பாத்திரத்தை ஒருவர்க்கு மறுப்பதும் குற்றம். ஆறு மாதம் வரை சிறை அல்லது ஐந்நூறு ரூபாய் வரை தண்டம் அல்லது இரண்டும் என்றது அது. பாத்திரம் என்ற சொல்லைச் சட்டத்தில் சேர்த்தவர், தேநீர்க் கடையை நன்கு அறிந்தவராக இருக்க வேண்டும்.

ஆயினும் பெயர்ப் பலகையில் ‘பிராமணாள்’ உட்கார்ந்தே இருந்தது. 1957 இல் பெரியார் அச்சொல்லை அழிக்குமாறு அறைகூவினார். கடைக்காரர் பலர் தாமே அழித்துக்கொண்டனர். திருவல்லிக்கேணியில் முரளி கபே அழிக்க மறுத்தது. மே மாதம் தொடங்கிற்று மறியல். நாள்தோறும் தோழர் சிலர் கடை வாயிலில் நிற்பர். காவலர் பிடித்துச் செல்வர். மறுநாள் வேறு சிலர் வருவர். நெசவாளரும் கூலிக்காரரும் சிறுகடைக்காரரும், அந்த ஓட்டலில் ஒரு காப்பி கூடக் குடித்திராதவர்கள், நூற்றுக்கணக்கில் சிறை சென்றனர். 1958 இல் அச்சொல் அங்கிருந்து இறங்கியது. நடேசனார் விடுதி திறந்த அதே திருவல்லிக்கேணியில், 42 ஆண்டுகளுக்குப் பிறகு! 2012 இல் திருவரங்கத்தில் அது மீண்டும் ஒரு பலகையில் தலைகாட்டியதையும், உடனே எதிர்ப்பு எழுந்ததையும் இளைஞர்கள் அறிவர்.

கடலுக்கு அப்பாலும் இக்கதை உண்டு. 1960 பிப்ரவரி 1 ஆம் நாள், அமெரிக்காவின் வட கரோலினாவில் கிரீன்சுபரோ என்னும் நகரில், கருப்பின மாணவர் நால்வர் ஊல்வொர்த் கடைக்குச் சென்றனர். நால்வரும் ஒரே கல்லூரி, ஒரே விடுதி, இரவெல்லாம் பேசித் தீராத நண்பர்கள். கடையில் பற்பசை முதலிய சில்லறைப் பொருள் வாங்கினர், பணத்தை வாங்கிக்கொண்டனர். அதே கடையின் உணவு மேடையில் அமர்ந்து காப்பி கேட்டனர், இல்லை என்றனர். ‘பற்பசைக்கு வாங்கிய காசு காப்பிக்கு ஆகாதா?’ என்பதே அவர்கள் எழுப்பிய வினா. கடை மூடும்வரை அமர்ந்திருந்தனர். மறுநாள் கூட்டம் பெருகிற்று. பிற நகரங்களுக்கும் பரவிற்று. சூலை 25 இல் அக்கடை பணிந்தது. அன்று முதலில் அமர்ந்து உண்டவர்கள், அதே கடையில் வேலை செய்த கருப்பினத்தார். அதுவரை ஆக்கிப் பரிமாற மட்டும் அவர்கள் கை தூயதாக இருந்தது!

சேர்ந்து உண்டால் சாதி ஒழிந்துவிடுமா என்று கேட்பார் உண்டு. நியாயமான கேள்வி. சமபந்தி விருந்துகளால் சாதி அழியவில்லை, கலப்பு மணமே மருந்து என்று அம்பேத்கர் 1936 இலேயே எழுதிவிட்டார். ஆண்டுக்கொரு நாள் அமைச்சர் வந்து, படம் எடுத்து, கை கழுவிக்கொள்ளும் சமபந்திகளைப் பார்க்கையில் அவர் சொல் எத்துணை உண்மை என்று தோன்றுகிறது. ஆனால் சனிக்கிழமை மாலையில் எவரும் அழைக்காமல், எவர்க்கும் காட்டாமல், பசித்து உண்பதும் அதே கணக்கில் சேருமா? சேராது என்றே நேற்றுவரை எண்ணியிருந்தோம்.

சென்ற விடுமுறையில் ஐவரும் நம்முள் ஒருவரின் சிற்றூருக்குச் சென்றோம். அவர் அம்மா ஆக்கிய கருவாட்டுக் குழம்பை உண்டு, மாலைப் பேருந்துக்காக ஊர்ப் பொதுவில் வந்து நின்றோம். தேநீர்க் கடை ஒன்று. ஐந்து தேநீர் சொன்னோம். நால்வர்க்குக் கண்ணாடிக் குவளையில் வந்தது. ஊர்க்காரரான நம் நண்பர்க்குக் காகிதக் குவளையில் வந்தது. பேசாமல் வாங்கிக்கொண்டார். பழகிய கை.

அம்மையார், எம் குழுவின் ஒரே பெண், தம் குவளையைப் பலகைமேல் வைத்து, “எங்களுக்கும் பேப்பர் கப்லயே குடுங்கண்ணே” என்றார். கடைக்காரர் நம்மை ஒருமுறை பார்த்தார். நண்பரை ஒருமுறை பார்த்தார். “கிளாஸ் இருக்கே டீச்சர்” என்று சொல்லி, நண்பர் கையிலிருந்ததை வாங்கிக் கொட்டிவிட்டு, கண்ணாடிக் குவளையில் வேறு தேநீர் ஆற்றிக் கொடுத்தார். ஐவரும் குடித்தோம். ஐந்து குவளைகளையும் வைத்தோம். காசு கொடுப்பதில் அன்று போர் நடக்கவில்லை.

பேருந்து வந்தது. ஏறும்போது திரும்பிப் பார்த்தோம். நான்கு குவளைகள் கழுவும் வாளிக்குள் கிடந்தன. ஒன்று பலகையின் கோடியில் தனியே நின்றது. நண்பர் அதைப் பார்த்தாரோ இல்லையோ, நமக்கெல்லாம் சேர்த்து ஐந்து சீட்டு கேட்டுக்கொண்டிருந்தார்.