கம்பளிப்பூச்சி வண்டியும் மேலவாசல் மாட்டு வண்டியும்

எங்கள் வீட்டில் இரண்டு மாதமாக ஒரே பேச்சு, கேரவன். சென்னையில் கேரவன் என்றால் படப்பிடிப்பில் நடிகர்கள் உட்காரும் ஏ.சி. வண்டிதான் ஞாபகத்துக்கு வரும். என் மகன் சொல்வது அது இல்லை. படுக்கை, சமையல் மேடை, கழிவறை எல்லாம் வைத்து, நான்கு சக்கரமும் இழுக்கும்படி, மண் பாதை மலைப்பாதை எதிலும் ஏறும்படி நாமே சொல்லிக் கட்டிக்கொள்ளும் வண்டி.

"எங்க வேணும்னாலும் போகலாம்ப்பா" என்றான். பிறகு விலையைச் சொன்னான். பெருங்குடியில் நாங்கள் இருக்கும் இந்த ஃப்ளாட்டுக்கு அவன் கட்டிய முன்பணத்தைவிட அதிகம். அதில் ஒரு பகுதி என் வைப்புத்தொகையிலிருந்து வரவேண்டும் என்பதைத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

நான் புதுச்சேரி அரசில் முப்பத்துநான்கு வருடம் எழுத்தராக இருந்தவன். பணம் கேட்டு எந்தக் கோப்பு வந்தாலும், இதற்கு முன் உதாரணம் உண்டா என்று பார்ப்பது ஊறிப்போன பழக்கம். "ஒரு வாரம் டயம் குடு" என்று சொல்லிவிட்டுப் பழைய கதைகளைப் புரட்ட உட்கார்ந்தேன்.

முதலில் நினைவுக்கு வந்தது ஒரு திக்தே. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தெரியும், ஆசிரியர் வாசிக்க வாசிக்க நாம் பிழையில்லாமல் எழுதவேண்டும். எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். எங்கள் முசியே அன்று வாசித்தது பாலைவனத்தைக் கடந்த மோட்டார் வண்டிகளைப் பற்றி. அவற்றுக்கு 'ஓத்தோஷெனீய்' என்று பெயர். ஷெனீய் என்றால் கம்பளிப்பூச்சி. நான் அந்தச் சொல்லில் வரும் இரண்டு 'எல்' எழுத்தில் ஒன்றை விட்டுவிட்டு, சிவப்பு மையில் ஒரு கோடு வாங்கினேன். எங்கள் வீட்டு முருங்கை மரம் முழுக்கக் கம்பளிப்பூச்சி. அப்படி ஒரு வண்டி எப்படி ஊரும் என்று அன்று சாயங்காலம் மரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வண்டியின் கதை ரஷ்யாவில் தொடங்குகிறது. அதோல்ஃப் கேக்ரெஸ் என்ற பிரெஞ்சுக்காரர் ஜார் இரண்டாம் நிக்கோலாஸின் மோட்டார் கொட்டகையில் வேலை பார்த்தார். பனியில் சக்கரம் புதைகிறது என்பதால், பின் சக்கரங்களுக்குப் பதிலாக ரப்பர் பட்டை ஒன்றைச் சுற்றிவிட்டார். ரஷ்யப் புரட்சிக்குப் பிறகு பிரான்சுக்குத் திரும்பியவரை அந்த்ரே சிட்ரோயன் சேர்த்துக்கொண்டார். இன்று நம் திருவள்ளூரில் கார் செய்கிறார்களே, அதே கம்பெனிதான். 1922 டிசம்பர் 17-ஆம் தேதி ஐந்து கம்பளிப்பூச்சி வண்டிகள் அல்ஜீரியாவின் துக்கூர்த்திலிருந்து புறப்பட்டு, சஹாராவைக் கடந்து, 1923 ஜனவரி 7-ஆம் தேதி திம்புக்துவை அடைந்தன. மோட்டார் வண்டி சஹாராவைக் கடந்தது அதுதான் முதல் தடவை. 1924-25-இல் எட்டு வண்டிகள் ஆப்பிரிக்காவை வடக்கிலிருந்து தெற்காகக் கடந்து மடகாஸ்கர் வரை போயின.

மூன்றாவது பயணம்தான் நம் நாட்டுப் பக்கம் வந்தது. பேய்ரூத்திலிருந்து பீக்கிங் வரை ஆசியாவின் குறுக்கே போவது திட்டம். ஜார்ஜ்-மரி ஆர்த் தலைவர். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு வேலை. சமையலுக்கு ஒன்று, கம்பியில்லாத் தந்திக்கு ஒன்று, சினிமா எடுக்க ஒன்று, வைத்தியத்துக்கு ஒன்று. பின்னால் இழுவை வண்டிகளில் கூடாரம், கட்டில், மேசை, பாத்திரம். அதாவது ஒரு வீட்டையே பிரித்துச் சக்கரத்தின் மேல் ஏற்றியிருந்தார்கள். இன்று என் மகன் காட்டும் படங்களில் உள்ளதெல்லாம் அப்போதே இருந்தது.

போகும் பாதையைப் பார்த்து வண்டி கட்டினார்கள். ஆனால் கட்டியபின் பாதை மாறிவிட்டது. சோவியத் துருக்கிஸ்தான் வழியாகப் போகக் கொடுத்திருந்த அனுமதியை மாஸ்கோ திரும்பப் பெற்றுக்கொண்டது. வேறு வழி இமயமலை ஒன்றுதான். 1931 ஏப்ரல் 4-ஆம் தேதி பேய்ரூத்தில் புறப்பட்டவர்கள் பாரசீகம், ஆப்கானிஸ்தான், பெஷாவர் வழியாக ஸ்ரீநகர் வந்தார்கள். சீனாவிலிருந்து இன்னொரு கூட்டம் எதிரே வரவேண்டும் என்று ஏற்பாடு.

ஸ்ரீநகரிலிருந்து கில்கித் போக இருந்தது மட்டக்குதிரைப் பாதை. நடுவில் 4,000 மீட்டருக்கு மேல் புர்ஸில் கணவாய். இரண்டு வண்டிகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஒன்றின் பெயர் தங்க வண்டு, மற்றதன் பெயர் வெள்ளிப் பிறை. ஓரிடத்தில் பாதை இடிந்து, ஒரு பக்கத்துப் பட்டை பள்ளத்தின் மேல் தொங்க, வண்டி நிற்கும் புகைப்படம் உலகப் பிரசித்தம். வேறு இடங்களில் வண்டியைக் கழற்றித் துண்டு துண்டாகச் சுமைதூக்கிகள் தோளில் தூக்கிப் போனார்கள். மலை ஏறும் என்று கட்டிய வண்டியை மனிதன் சுமந்து மலை ஏற்றினான். சுமந்தவர்களின் பெயர்கள் திக்தேயில் வரவில்லை.

ஆகஸ்ட் 4-ஆம் தேதி இரண்டு வண்டியும் கில்கித் சேர்ந்தன. அது சாதனை, சந்தேகமில்லை. ஆனால் அதற்கு மேல் மோட்டார் போகவில்லை. ஆர்த்தும் மற்றவர்களும் குதிரையிலும் நடந்தும் சீன எல்லையைத் தாண்டி, அக்டோபர் 8-ஆம் தேதி அக்சுவில் எதிர்க்கூட்டத்தைச் சந்தித்து, அவர்களுடைய வண்டிகளில் ஏறி, 1932 பிப்ரவரி 12-ஆம் தேதி பீக்கிங் போய்ச் சேர்ந்தார்கள். ஊர் திரும்பும் வழியில் மார்ச் 16-ஆம் தேதி ஆர்த் ஹாங்காங்கில் நிமோனியாவில் இறந்துபோனார். சிட்ரோயன் கம்பெனி 1934 டிசம்பரில் திவாலானது. அதற்கு வேறு காரணங்கள் உண்டு. இந்தப் பயணத்தின் மேல் மட்டும் பழி போட நான் தயாராக இல்லை.

அக்சுவில் அவர்கள் சந்தித்துப் பதின்மூன்று நாள் கழித்து, 1931 அக்டோபர் 21-ஆம் தேதி, நம் தஞ்சாவூர் ஜில்லாவில் இன்னொரு வண்டி புறப்பட்டது. அதற்குத் தங்க வண்டு மாதிரி பெயரெல்லாம் இல்லை.

அப்போது சென்னைப் பல்கலைக்கழக நூலகர் சீர்காழி எஸ்.ஆர்.ரங்கநாதன். நூலக இயலுக்கு அவர் வகுத்த ஐந்து விதிகள் புத்தகமாக வந்ததும் அதே 1931-இல்தான். படிக்கிறவனுக்குப் புத்தகம் போய்ச் சேரவேண்டும், அவன் எங்கிருந்தாலும் சரி என்பது அவர் கட்சி. கிராமத்துக்கு எப்படிச் சேர்ப்பது? மன்னார்குடியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற பொறியாளர் கனகசபைப் பிள்ளை அதற்காகவே ஒரு மாட்டு வண்டியை வடிவமைத்தார். உள்ளே புத்தக அடுக்குகள். இழுக்க இரண்டு மாடு. மேலவாசல் கிராமத்தில் தொடங்கி வைத்தார்கள். நம் நாட்டு நடமாடும் நூலகத்தின் கதையில் முதல் பக்கம் அது.

ஒரு பொறியாளர் ஏன் மோட்டார் வண்டி கேட்கவில்லை என்று யோசித்தேன். காவிரிப் படுகையில் மழை பெய்தால் களிமண் சாலை என்ன ஆகும் என்பது அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். மோட்டார் புதையும் இடத்தில் பெரிய மரச்சக்கரம் உருளும். அச்சு முறிந்தால் அடுத்த ஊர்த் தச்சரும் கொல்லரும் பார்த்துக்கொள்வார்கள். பெட்ரோல் வேண்டாம், வைக்கோல் எந்த ஊரிலும் கிடைக்கும். அந்த மண்ணும் அந்த வேலையும் கேட்ட வண்டி அதுதான்.

இவ்வளவு பழசு வேண்டாம் என்பவர்களுக்கு ஒன்று. 1982-இல் தெலுங்கு தேசம் தொடங்கிய என்.டி.ராமராவ் ஒரு பழைய செவர்லே வேனை மாற்றிக் கட்டி, 'சைதன்ய ரதம்' என்று பெயர் வைத்து ஆந்திரா முழுக்கச் சுற்றினார். ஓட்டியவர் மகன் ஹரிகிருஷ்ணா. நம் தி.நகர்வாசியாக இருந்தவருக்கு வண்டிதான் வீடு. கூரை மேல் ஏறி நின்றால் அதுவே மேடை. கட்சி தொடங்கி ஒன்பது மாதத்தில், 1983 ஜனவரியில், முதலமைச்சர். அந்த வண்டியிடம் அவர் கேட்டது இரண்டுதான். உள்ளே தூங்கவேண்டும், மேலே நின்று பேசவேண்டும்.

கோப்பு எனக்குத் தெளிவாகிவிட்டது. மகனைக் கூப்பிட்டு, "எங்க வேணும்னாலும் போற வண்டின்னு ஒண்ணு கிடையாதுடா. எங்க போகணும், யாரு போகணும், என்ன வேலைக்கு, எங்க நிறுத்தப்போற? ஒரு பக்கத்துல எழுதிக் குடு" என்றேன். கூடவே சட்டத்தையும் சொன்னேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி வண்டியை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. தயாரிப்பாளரின் அடிப்படை அமைப்புக்கு மாறாக மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. மோட்டார் கேரவனுக்கென்றே ஏ.ஐ.எஸ். 124 என்ற தரநிலை இருக்கிறது. கட்டித் தருகிறவரிடம் அந்த ஒப்புதல் இருக்கிறதா, ஆர்.சி. புத்தகத்தில் எந்த வகை என்று பதிவார்கள் என்று எழுத்தில் வாங்காமல் முன்பணம் கொடுக்காதே என்றேன். முப்பத்துநான்கு வருடத்தில் வாய்ச்சொல்லை நம்பிக் கெட்ட மனுக்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

லடாக், ஸ்பிதி என்று எழுதிக்கொண்டு வருவான், வருஷத்துக்குப் பன்னிரண்டு நாள் லீவுதானே உனக்கு என்று மடக்கலாம் என்று காத்திருந்தேன்.

இரண்டு நாள் கழித்துக் காகிதம் வந்தது. முதல் வரி: "அம்மா ஏற முடியணும்." இரண்டாவது வரி: "வெஸ்டர்ன் டாய்லெட், பிடிச்சுக்க கம்பி." மூன்றாவது வரி: "குலதெய்வம் கோயில்." ஸ்பிதி எட்டாவது வரியில் இருந்தது, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியுடன்.

என் மனைவிக்கு நான்கு வருடம் முன்பு இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை ஆயிற்று. அதற்குப் பிறகு கீழே உட்கார முடியாது. எங்கள் குலதெய்வம் கண்டமங்கலம் தாண்டி. கடைசி மூன்று கிலோமீட்டர் ஏரிக்கரை மண் பாதை. இங்கிருந்து போக நான்கு மணி நேரம், வர நான்கு மணி நேரம், கோயிலில் பொங்கல் வைத்துப் படைக்க அரை நாள். வழியில் அவள் போகக்கூடிய கழிவறை ஒன்றோ இரண்டோதான், அதையும் நம்ப முடியாது. அந்தக் காலத்திலேயே பயணம் என்றால் முந்தின ராத்திரியிலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டாள். ஆபரேஷனுக்குப் பிறகு, "வயசாயிடுச்சு, அம்மன் மன்னிச்சுக்குவா" என்று போவதையே நிறுத்திவிட்டாள். அவளுக்கு ஆர்வம் போய்விட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன். நான்கு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறேன். ஒரு தடவைகூட ஏன் என்று கேட்கவில்லை. பையன் கேட்டிருக்கிறான்.

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமேடா" என்றேன்.

"அம்மா சொல்லக்கூடாதுன்னாங்க. அதான் மலை, காடுன்னு சொன்னேன். நீங்க அதுக்காவது ஒத்துக்குவீங்கன்னு பார்த்தேன்" என்றான்.

பிறகு உட்கார்ந்து காகிதத்தை வைத்தே வண்டியைத் தேர்ந்தெடுத்தோம். ஏரிக்கரைக்கு நான்கு சக்கர இழுவை வேண்டாம், வண்டியின் அடிப்பாகம் தரையில் தட்டாமல் இருந்தால் போதும். உயரமான சேசிஸ் வேண்டவே வேண்டாம், அவளால் ஏற முடியாது. எங்கள் அடுக்ககத்தில் கார் நிறுத்தும் தளத்தின் உயரம் எட்டடிதான், அவன் முதலில் காட்டிய வண்டி ஒன்பதரை அடி. சாதாரண வேன் ஒன்று, அதில் இரண்டு படுக்கை, ஒரு சின்ன அடுப்பு, நல்ல கழிவறை, பக்கவாட்டில் இழுத்து விடும் படி. விலை பாதிக்கும் கீழே வந்தது. என் பங்கை நானே எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

படியின் உயரம் எவ்வளவு வைக்கலாம் என்று கட்டுகிறவர் கேட்டிருந்தார். நேற்று சாயங்காலம் மாடிப்படியில் டேப்பை வைத்துக்கொண்டு நானும் மகனும் நின்றோம். அவள் ஒவ்வொன்றாக ஏறிப் பார்த்தாள். பலகையும் செங்கல்லும் வைத்து உயர்த்தியும் பார்த்தோம். ஒன்பது அங்குலத்தில் கம்பியை இறுக்கிப் பிடித்தாள். எட்டில் முகம் சுளித்தாள். ஏழில் பேசிக்கொண்டே ஏறிவிட்டாள். ஏழு என்று எழுதி அனுப்பியிருக்கிறோம். ஆடி மாதத்துக்குள் வண்டி வந்துவிடும் என்கிறார்கள்.