சிறுதேர், சொப்பு, தகர ரயில்

தூத்துக்குடியில் தகரம் நிலைக்காது. உப்பளங்களின் மேலாக வரும் காற்று முதலில் ஜன்னல் கம்பியைத் தின்னும், பிறகு சைக்கிளை, பிறகு பீரோவின் கால்களை. தகரம் என்று நாம் சொல்வதே முழுக்கத் தகரம் அல்ல. மெல்லிய இரும்புத் தகட்டின் மேல் பூசிய வெள்ளீயம் அது. பூச்சில் ஒரு கீறல் விழுந்துவிட்டால், அந்த இடத்து இரும்பு பூச்சே இல்லாத இரும்பைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். இந்த ஊரில் ஒரு தகரப் பொம்மை அறுபது வருடத்துக்கு மேல் பளபளப்பாக இருக்கிறதென்றால், யாரோ ஒருவர் அதை அவ்வளவு காலமும் துடைத்துக்கொண்டிருந்தார் என்று பொருள். எங்கள் குடும்பத்தில் அது சித்தி.

தாத்தா கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு கடையில் கணக்கெழுதினார். 1950களில் ஒருமுறை ஊருக்கு வந்தபோது மாமாவுக்கு ஒரு ஹார்ன்பி ரயில் கொண்டுவந்தார். பச்சை எஞ்சின், அதன் பின்னால் கரிவண்டி, இரண்டு பயணிகள் பெட்டி, ஒரு சரக்கு வண்டி, வட்டமாகச் சேரும் தண்டவாளத் துண்டுகள், முறுக்க ஒரு சாவி. அம்மாவுக்கும் சித்திக்கும் ரிப்பன் வந்தது. அவர்களுக்குத்தான் ஏற்கெனவே ஆச்சி வாங்கித் தந்த அம்பாசமுத்திரத்துச் சொப்பு இருந்ததே! மரத்தில் கடைந்து அரக்கு வண்ணம் ஏற்றிய அடுப்பு, பானை, குடம், அம்மி, ஆட்டுக்கல்.

மாமா ரயில் சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டு திரிந்தாராம். வீட்டின் சாவிக்கொத்து ஆச்சியின் இடுப்பில், ரயிலின் சாவி மாமாவின் இடுப்பில். “தண்டவாளத்த மாட்டுறது நாங்க, களட்டி அடுக்குறது நாங்க. சாவிய மட்டும் தொட விடமாட்டாம்ட்டி” என்று சித்தி இப்போதும் சொல்வார். கோபமாக அல்ல, ஊர் வழக்கத்தைச் சொல்வதுபோல.

அந்த வழக்கத்துக்கு நம்மிடம் இலக்கணமே உண்டு. பிள்ளைத்தமிழ் பாடம் நடத்தும்போதெல்லாம் பருவங்களைக் கரும்பலகையில் இரண்டு வரிசையாக எழுதுவேன். பத்துப் பருவங்களில் முதல் ஏழு இருபாலுக்கும் பொது. கடைசி மூன்றில் பாதை பிரிகிறது. ஆண்பிள்ளைக்குச் சிற்றில் சிதைத்தல், சிறுபறை முழக்கல், சிறுதேர் உருட்டல். பெண்பிள்ளைக்கு அம்மானை, நீராடல், ஊசல் (சில நூல்களில் கழங்கும் வரும்). பெண் மணலில் கட்டிய சிற்றிலை உதைப்பது ஆணின் விளையாட்டு. சக்கரம் வைத்த வண்டியும் ஆணுக்கு. பெண்ணுக்குக் கிடைக்கும் ஒரே வாகனம் ஊஞ்சல். அது எவ்வளவு வேகமாக ஆடினாலும் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கும். இன்றைய தூத்துக்குடி மாவட்டத்திலுள்ள ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் இரண்டு வகையிலும் பாடியவர். வைத்தீசுவரன்கோயில் முத்துக்குமார சுவாமிக்குச் சிறுதேர் தந்தார். மதுரையை ஆண்ட மீனாட்சிக்கு ஊசல்.

இன்னும் பின்னால் போனால் பட்டினப்பாலை. காவிரிப்பூம்பட்டினத்தின் முற்றத்தில் தானியம் காயவைத்திருக்கும் பெண்கள், கொத்த வரும் கோழியை விரட்டத் தங்கள் கனத்த காதணியைக் கழற்றி எறிகிறார்கள். அது குதிரையில்லாமல் சிறுவர் உருட்டிவரும் மூன்று சக்கரச் சிறுதேரின் வழியில் கிடந்து தடுக்கிறது. ஊரின் செல்வத்தைச் சொல்லவந்த காட்சி என்று உரை சொல்லித் தாண்டிவிடுவோம். அந்தப் பெண்கள் அங்கே வேலையில் இருக்கிறார்கள், பையன்கள் விளையாட்டில் இருக்கிறார்கள் என்று முதல்முறையாக என்னிடம் சொன்னவள் வகுப்பில் கடைசி வரிசை மாணவி ஒருத்தி.

இந்தப் பின்னணியோடுதான் நான் தகர ரயிலின் வரலாற்றைப் படிக்கப் போனேன். ஆண்பிள்ளைகளின் பொம்மைக்கு ஆண்களின் வரலாறுதான் இருக்கும் என்ற எதிர்பார்ப்போடு. ஆனால் அது சொப்பில் ஆரம்பித்தது.

தெற்கு ஜெர்மனியில் வுர்ட்டம்பெர்க் பகுதியில் கோப்பிங்கன் என்ற ஊர். அங்கே தியோடர் மெர்க்ளின் என்ற தகரக் கொல்லர் 1859இல் பொம்மைச் சமையலறைக்கான பாத்திரங்கள் செய்யத் தொடங்கினார். சின்னஞ்சிறு சட்டி, கெண்டி, அடுப்பு, எல்லாம் வண்ணம் பூசிய தகரத்தில். நம் அம்பாசமுத்திரத்துச் சொப்பின் தகர உறவு என்று வைத்துக்கொள்ளலாம். அவர் மனைவி கரோலின். சரக்கை மூட்டைகட்டிக்கொண்டு தெற்கு ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடித்தவர் அவர்தான். பெண் தனியாகப் பயணம் போவதே பேச்சுக்கு இடமான காலத்தில் அவர் விற்பனைப் பிரதிநிதி. அந்தத் தொழிலில் இறங்கிய முதல் பெண்களில் ஒருவராக அவரைச் சொல்கிறார்கள்.

1866இல் தியோடர் இறந்துபோனார். கரோலின் சிறு பிள்ளைகளோடு பட்டறையை இழுத்துப் பிடித்து நடத்தினார். மறுமணம் செய்தார். தொழிலின் சுமை அதனால் குறைந்ததாகத் தெரியவில்லை. இருபது வருடத்துக்கும் மேலாகக் கடை மூடாமல் இருந்தது. 1888இல் மகன்கள் பொறுப்பேற்றபோது நிறுவனத்துக்குப் புதுப்பெயர் வைத்தார்கள்: மெர்க்ளின் சகோதரர்கள்.

அந்தப் பெயரைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் பஜாரின் பழைய கடைப் பலகைகள் நினைவுக்கு வந்தன. ‘அன்ட் சன்ஸ்’, ‘அன்ட் பிரதர்ஸ்’. கணவன் செத்தபின் கல்லாவில் உட்கார்ந்து கடனை அடைத்த அம்மாக்கள் அந்தப் பலகையில் எங்கே இருக்கிறார்கள்? அதே வுர்ட்டம்பெர்க்கில், கீங்கன் என்ற ஊரில், இளம்பிள்ளை வாதத்தால் சக்கர நாற்காலியில் இருந்த மார்கரெட் ஸ்டைஃப் 1880இல் தொடங்கிய துணிப் பொம்மை நிறுவனம் இன்றுவரை அவர் பெயரில்தான் இருக்கிறது. அவர் மணமாகாதவர். பலகையை மாற்றி எழுத மகன்கள் இல்லை. இதை வைத்துப் பெரிய கோட்பாடெல்லாம் கட்ட வேண்டாம், ஆனால் குறித்துக்கொள்ளலாம்.

மகன்களின் சாதனையைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமல்ல. 1891இல் லைப்சிக் சந்தையில் மெர்க்ளின் ஒரு சாவி ரயிலை எட்டு வடிவத் தண்டவாளத்தில் ஓடவிட்டுக் காட்டியது. அதற்கு முன்பும் தகர ரயில்கள் இருந்தன, தரையில் இழுத்து ஓடுபவை, ஒரு வட்டத்தில் மட்டும் சுற்றுபவை. மெர்க்ளின் செய்தது தண்டவாளத்தின் அகலத்தை அளவுபடுத்தி எண் கொடுத்தது. அளவு ஒன்றென்றால், இந்த வருடம் எஞ்சினும் இரண்டு பெட்டியும் வாங்கியவர் அடுத்த கிறிஸ்துமஸுக்கு ஒரு ஸ்டேஷன் வாங்கலாம், அதற்கடுத்து கைகாட்டி, பாலம், தண்டவாளம் பிரியும் இடம். பின்னால் வந்த ஓ கேஜ், எங்கள் வீட்டு ஹார்ன்பியின் 32 மில்லிமீட்டர் தண்டவாளம், எல்லாம் அந்த வழியில் வந்தவைதான்.

இந்தச் சேர்த்துச் சேர்த்து வாங்கும் முறை எங்கிருந்து வந்தது? பொம்மைச் சமையலறை அப்படித்தான் விற்றது. முதலில் அடுப்பு, பிறகு சட்டி, பிறகு அலமாரி, வருடத்துக்கு ஒரு சாமான். ஒரு சிறுமியின் சமையலறை எப்படி மெல்ல மெல்ல நிறைகிறது என்பதைக் கடை வாசல்களில் நின்று முப்பது வருடம் பார்த்தவர் கரோலின். ரயில் வியாபாரத்தின் மூளை சொப்பு வியாபாரத்தில் வளர்ந்தது என்றே நான் வாசிக்கிறேன். கரோலினைப் பெண் விடுதலையின் முன்னோடியாக்கவும் எனக்கு விருப்பமில்லை. அவர் விற்றது சிறுமிகளை அடுப்பங்கரைக்குப் பழக்கும் பொம்மை. அவர் மட்டும் அடுப்பை மூட்டைகட்டிக்கொண்டு ரயிலேறினார்.

எங்கள் ரயில் வந்தது இன்னொரு துறைமுகத்திலிருந்து. லிவர்பூலில் இறைச்சி இறக்குமதிக் கம்பெனி ஒன்றில் குமாஸ்தாவாக இருந்த பிராங்க் ஹார்ன்பி, தன் மகன்களுக்காகச் செய்த துளையிட்ட உலோகப் பட்டைகளுக்கு 1901இல் காப்புரிமை வாங்கினார். அதுதான் மெக்கானோ. 1920இல் சாவி ரயில்கள் வந்தன. விளம்பரங்களிலும் பெட்டி மூடிகளிலும் எப்போதும் பையன்கள், சில சமயம் அருகில் அப்பா. 1916இல் தொடங்கிய மெக்கானோ இதழ் பேசியதும் பையன்களோடுதான். ஆனால் லிவர்பூலின் பின்ஸ் சாலை ஆலையில் தகட்டை வளைத்து, காதுகளைத் துளையில் செருகி மடக்கி, வண்ணம் பூசி, பெட்டியில் அடுக்கிய தொழிலாளர்களில் பெரும் பகுதியினர் பெண்கள். 1979 நவம்பரில் ஆலையை மூடியபோது தொழிலாளர்கள் வெளியேற மறுத்து உள்ளே உட்கார்ந்து போராடினார்கள். ரயில் தயாரிப்பு அதற்கு முன்பே, 1964இல், போட்டி நிறுவனத்தின் கைக்குப் போயிருந்தது.

பெண்பிள்ளைகளுக்கு ரயில் விற்கும் யோசனை யாருக்கும் வரவில்லையா? வந்தது. அமெரிக்காவின் லயனல் நிறுவனம் 1957இல் இளஞ்சிவப்பு எஞ்சினோடு ஒரு ரயில் வெளியிட்டது. பெட்டிகள் வெளிர் நீலம், மஞ்சள், ஊதா. தகரத்தின் காலம் முடிந்து பிளாஸ்டிக் வந்துவிட்ட நேரம். அது விற்கவில்லை. ரயில் கேட்ட சிறுமிகளுக்கு நிஜ ரயிலின் கறுப்பு எஞ்சின்தான் வேண்டியிருந்தது. விற்காத எஞ்சின்களுக்குக் கடைக்காரர்கள் கறுப்புப் பூசி விற்றதாக ஒரு கதையும் உண்டு. இன்று அந்த இளஞ்சிவப்பு ரயில், பெட்டியோடு முழுதாகக் கிடைத்தால் ஆயிரக்கணக்கான டாலர் பெறும். அதைத் தேடித் தேடி வாங்குபவர்களில் பெரும்பாலோர் ஆண்கள்.

நம் ஊர் ரயிலுக்கு வருகிறேன். மாமா பதினாலு வயதில் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டார். சாவி தையல் மிஷின் டிராயருக்குள் வந்து சேர்ந்தது. சித்தி அந்த மிஷினில்தான் ஊருக்கே ரவிக்கை தைத்தார். மிஷினுக்கு விடும் எண்ணெயில் ஒரு சொட்டை எஞ்சினின் பல்சக்கரத்துக்கும் விட்டார், மழைக்காலத்துக்கு முன் ஒன்று, பின் ஒன்று. பழைய தகர ரயில் சேகரிப்பவர்கள் சொல்வதும் இதுவேதான்: மெல்லிய எண்ணெய், மிகக் குறைவாக, தண்ணீர்த் துணி கூடாது, பெயின்ட் உதிர்ந்தாலும் புதிதாகப் பூசக்கூடாது. இதில் எதையும் சித்தி எங்கும் படித்ததில்லை. புதிதாகப் பூசாததற்குக் காரணம் பெயின்டுக்குக் காசில்லை என்பதுதான்.

சென்ற வருடம் மாமா மகன் சென்னையிலிருந்து போன் செய்தான். “அப்பாவோட ரயில் அங்கதான இருக்கு?” பழம்பொருள் வாங்கும் ஒருவர் விலை கேட்டிருக்கிறாராம். அவருக்கு ரயிலின் பூர்வீகம் எழுத்தில் வேண்டும், யார் வாங்கியது, யாருடைய சேகரிப்பு என்று. எழுதித் தரும் வேலை, தமிழ்த் துறைக்காரி என்பதால், என்னிடம் வந்தது. தாத்தா வாங்கினார், மாமா வைத்திருந்தார் என்று இரண்டு வரி எழுதிவிட்டு நின்றேன். மாமா வைத்திருந்தது நாலு வருடம். சித்தி வைத்திருந்தது அறுபதுக்கும் மேல். ‘சேகரிப்பாளர்’ என்ற இடத்தில் சித்தி பெயரை எழுதினேன். அதன்பிறகு சென்னையிலிருந்து போன் வரவில்லை. விற்பனை என்ன ஆனதென்று நானும் கேட்கவில்லை.

அதைச் சித்தியிடம் வாசித்துக்காட்டப் போன அன்று ரயிலை ஓட்டினோம். சிவப்பு ஆக்சைடு தரையில் தண்டவாளத்தை அவரே மாட்டினார். முள்ளைக் குழாய்க்குள் செருகி, ஒவ்வொரு இணைப்பையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். எஞ்சினை இடக்கையில் தூக்கி, சக்கரத்தை விரலால் பிடித்துக்கொண்டு சாவியை முறுக்கினார். சக்கரத்தை விட்டுவிட்டு முறுக்கினால் வில் ஒரே மூச்சில் அவிழ்ந்து பல் தேய்ந்துபோகும் என்றார். கை எதிர்ப்பு சொல்லும் இடத்தில் நிறுத்தினார். முதல் சுற்று தாறுமாறான வேகம், கடைசிப் பெட்டி வளைவில் கவிழ்ந்தது. எடுத்து வைத்தார். மூன்றாம் சுற்றில் நிதானம் வந்தது. எட்டாவதில் நின்றுவிட்டது.

சரக்கு வண்டியின் அடித்தகட்டில் மட்டும் ஒரு ரூபாய் நாணய அளவு துரு. மற்றபடி எங்கும் இல்லை. மாமா அதில் கல்லுப்பு ஏற்றி ‘உப்பு வண்டி’ என்று ஓட்டினாராம். இரண்டு நாள் அள்ளாமல் விட்டுவிட்டார்.

நான் எழுதிய தாளை முழுதும் கேட்டுவிட்டு, தன் பெயரைப் பற்றி சித்தி ஒன்றும் சொல்லவில்லை. வண்டியைத் திருப்பி அந்தத் துருவைக் காட்டினார்.

“உப்பு வச்சது நான் இல்லைன்னு எழுதுட்டி.”