தராசைக் காத்தவர்களும் விற்றவர்களும்

'ஹிஸாப்' என்னும் சொல்லை அறியாத ஜமாஅத்தார் இருக்க முடியாது. ஆண்டறிக்கையின் கணக்குப் பக்கங்களும் ஹிஸாப்தான். மறுமையில் நாம் ஒப்படைக்க வேண்டியதும் ஹிஸாப்தான். அதே அரபு வேரில் பிறந்த மற்றொரு சொல் 'ஹிஸ்பா'. அங்காடிகளையும் பொதுவிடங்களையும் கண்காணிப்பதற்காக இஸ்லாமிய ஆட்சிகளில் ஏற்படுத்தப்பட்டிருந்த பொறுப்பின் பெயர் அது. அப்பொறுப்பை வகித்தவர் 'முஹ்தஸிப்' என்று அழைக்கப்பட்டார். வணிகம் செய்வோர் மிகுந்த நம் சமுதாயத்தில் இப்பதவியின் வரலாறு போதிய அளவு பேசப்படவில்லை என்பது வியப்புக்குரியது.

இதன் வித்து மதீனாவின் சந்தையிலேயே ஊன்றப்பட்டது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, அதனை மக்கள் பார்க்குமாறு மேலே வைக்காதது ஏன் என்று வணிகரைக் கண்டித்த செய்தியை நாம் ஜும்ஆ மேடைகளில் கேட்டிருக்கிறோம். ஜகாத் வசூலிக்கச் சென்ற அதிகாரி ஒருவர், வசூலித்த பொருளில் ஒரு பகுதியைத் தமக்கு வந்த அன்பளிப்பு என்று பிரித்து வைத்தபோது, அவர் தம் பெற்றோர் வீட்டில் அமர்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு தேடி வந்திருக்குமா என்று அண்ணலார் மிம்பரில் நின்று கேட்டதும் ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது. முன்னது வணிகருக்கு, பின்னது அதிகாரிக்கு. இவ்விரண்டும் பிரிக்க முடியாதவை என்பதைப் பிற்கால வரலாறு மெய்ப்பித்தது.

கி.பி. 12ஆம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த அஷ்ஷைஸரீ என்பவர் முஹ்தஸிபுகளுக்கென்றே ஒரு கைந்நூல் எழுதினார். அதனைப் படிப்பவர், நம் காலத்து உணவுப் பாதுகாப்பு விதிகளைப் படிக்கிறோமோ என்று ஐயுறுவர். ரொட்டிக்கு மாவு பிசைபவர் காலாலோ முழங்காலாலோ முழங்கையாலோ பிசையலாகாது. தும்மலும் எச்சிலும் மாவில் விழாதிருக்க முகத்தைத் துணியால் மூடிக்கொள்ள வேண்டும். வியர்வை சொட்டாதிருக்க நெற்றியில் பட்டை கட்ட வேண்டும். பகலில் பிசையும்போது ஈ விரட்ட ஒருவர் அருகில் நிற்க வேண்டும். பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்றறிய, ஒரு மயிரைத் தோய்த்து எடுத்துப் பால் அதில் ஒட்டுகிறதா என்று பார்ப்பார்களாம்.

எடைகளைப் பற்றி அவர் கூறுவது இன்னும் நுட்பமானது. நாம் இன்றும் 'எடைக்கல்' என்றே சொல்கிறோம். ஆனால் கல் ஒன்றோடொன்று மோதிச் சில்லுச் சில்லாய் உதிர்ந்து குறையும் என்பதால் இரும்பு எடைகளையே பயன்படுத்தச் சொன்னார் அவர். இரும்பு கிடைக்காவிடில் கல்லைத் தோலால் பொதிந்து, சரிபார்த்து, முத்திரை இட வேண்டும். தராசு நிலைகொள்ளும் வரை பொறுத்திருக்க வேண்டும் என்பதும், பொருளைத் தட்டில் உயரத்திலிருந்து எறியலாகாது என்பதும் அவர் விதித்தவை. கட்டை விரலின் சேட்டையை அன்றே அறிந்திருந்தார்கள் போலும்!

இத்தனை அதிகாரமும் வரம்பற்றதாக இருக்கவில்லை. கி.பி. 1058இல் மறைந்த பக்தாத் சட்ட அறிஞர் அல்மாவர்தீ, வெளிப்படையாக நடப்பதைத் தடுப்பதே முஹ்தஸிபின் பணி என்றும், வீடுகளுக்குள் உளவு பார்க்க அவருக்கு உரிமையில்லை என்றும் வரையறுத்தார். வணிகரிடமிருந்து முஹ்தஸிப் அன்பளிப்புப் பெறலாகாது. அவருடைய பணியாளர் எவரேனும் பெற்றது தெரியவந்தால் உடனே நீக்கிவிட வேண்டும் என்று ஷைஸரீயும் எழுதினார்.

இந்த வேலி எகிப்தில் மம்லூக் சுல்தான்களின் பிற்காலத்தில் சரிந்தது. பதவிகள் பணத்துக்குக் கொடுக்கப்பட்டன. அந்தக் காலத்துக்கு நமக்குக் கிடைத்த மிகச் சிறந்த சாட்சி, வரலாற்றாசிரியர் அல்மக்ரீஸீ (1364–1442) ஆவார். இப்னு கல்தூனிடம் பாடம் கேட்டவர் அவர். கி.பி. 1399இல் கெய்ரோவின் முஹ்தஸிபாக நியமிக்கப்பட்டுச் சில மாதங்களிலேயே மாற்றப்பட்டார். மீண்டும் நியமிக்கப்பட்டு மீண்டும் விலகினார். எனவே அந்தப் பதவியை உள்ளிருந்து கண்டவர்.

கி.பி. 1403இல் நைல் நதி போதிய அளவு பெருகவில்லை. பஞ்சம் வந்தது. நைல் பொய்ப்பது எகிப்துக்குப் புதிதன்று. முற்காலப் பஞ்சங்கள் பலவற்றை மக்ரீஸீயே தொகுத்து எழுதியிருக்கிறார். அவை வந்து நீங்கின. இது மட்டும் ஏன் நீங்காமல் நின்றது? 1405இல் எழுதிய சிறு நூலில் இக்கேள்விக்கு அவர் விடை தேடினார். ஆற்றையோ விதியையோ அவர் குறை கூறவில்லை. ஆட்சியாளர்களின் சீர்கேட்டையே முதற்காரணமாகச் சுட்டினார். அமைச்சர் பதவி, ஆளுநர் பதவி, காழி பதவி, ஹிஸ்பா ஆகிய அனைத்தும் கையூட்டுக்குக் கிடைத்தன. வாங்கியவரிடம் அவ்வளவு பணம் ஏது? கடன் வாங்கினார். கடனை அடைக்கத் தமக்குக் கீழிருந்தோரைப் பிழிந்தார். அவர்கள் உழவரையும் வணிகரையும் பிழிந்தனர். உழவர் நிலத்தை விட்டு ஓடினர், விளைச்சல் குன்றியது. பதவிக்குக் கொடுத்த விலை, முடிவில் ரொட்டியின் விலையில் ஏறியது.

நிலக் குத்தகை உயர்ந்ததையும், வெள்ளி நாணயம் மறைந்து செம்புக் காசான 'ஃபுலூஸ்' பெருகியதையும் மற்ற இரு காரணங்களாக அவர் கூறினார். இவற்றில் அவருடைய கணிப்பு முழுமையானதன்று. 1348இன் கொள்ளைநோய் உழவர்களைக் கொண்டுபோனதும், எகிப்துக்கு வெளியேயும் வெள்ளி அருகியதும் இன்றைய ஆய்வாளர்கள் சேர்த்துக் கூறுபவை. ஆயினும், எடையைச் சரிபார்க்க வேண்டியவரே விலைக்கு வாங்கப்பட்ட சந்தையில் ஏழைக்கு என்ன நேரும் என்பதை அவரைப் போல் தெளிவாகக் காட்டியவர் அக்காலத்தில் அரியர்.

பிற்பாடு மக்ரீஸீ டமாஸ்கஸுக்குச் சென்றார். அங்கே நூரீ மருத்துவமனையின் வக்ஃப் சொத்துகளைப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். அந்நகரின் ஷாஃபிஈ தலைமைக் காழி பதவியைச் சுல்தான் ஃபரஜ் அளிக்க முன்வந்தபோது மறுத்துவிட்டார். பின்னர் கெய்ரோவுக்குத் திரும்பி, பதவி எதையும் நாடாது, தாம் பிறந்த அந்நகரின் தெருக்கள், சந்தைகள், பள்ளிவாசல்கள் ஆகியவற்றின் வரலாற்றை எழுதுவதிலேயே எஞ்சிய ஆண்டுகளைக் கழித்தார்.